கையறிவும் ஏட்டறிவும்: நிறுவனங்கள் அறிவைப் பேணிய வரலாறு

நம் கல்விச் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்தியுள்ள இவ்வேளையில், சங்கம் ஈட்டிய பொருள் எவ்வளவு, எழுப்பிய கட்டடங்கள் யாவை, படிக்க வைத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துப் பார்ப்பது இயல்பே. அக்கணக்குகளை இம்மலரின் பிற பக்கங்கள் கூறும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கு. இத்தனை ஆண்டுகளில் இச்சங்கம் கற்றுக்கொண்டது யாது? அங்ஙனம் கற்ற அறிவு இப்போது எங்கே இருக்கிறது?

வினா எளிதாகத் தோன்றலாம்; விடை அத்துணை எளிதன்று. நம் மாணவர் விடுதியைப் பல்லாண்டு காத்துவந்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது, சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் அரிசிக் கணக்கையும் முறைப்படி ஒப்படைத்துச் சென்றார். ஒன்றும் குறையவில்லை என்றே நாம் எண்ணினோம். அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் ஊருக்குச் சென்ற பிள்ளைகளுள் இருவர் திரும்பி வரவில்லை. அதற்கு முன்பெல்லாம், எந்தப் பிள்ளை அறுவடைக் கூலிக்காக நிறுத்தப்படக்கூடும், எந்த வீட்டில் தாயிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் பாட்டனாரிடம் பேச வேண்டும் என்பதை அறிந்து, அப்பெரியவரே பேருந்தேறிச் சென்று பிள்ளைகளை மீட்டு வந்திருக்கிறார் என்பது நமக்கு அப்போதுதான் தெரிந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எழுதி வைக்குமாறு நாம் அவரைக் கேட்டதுமில்லை. அதனை ஓர் அறிவென்று மதித்ததுமில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் பெருந்தொழில் நிறுவனங்களும் இதே குறையால் இடர்ப்பட்டுள்ளன. இதனை ஆராய்வதற்கென்றே 'அறிவு மேலாண்மை' என்னும் துறை ஒன்று இன்று வளர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றை அடியிலிருந்து நோக்குவோமாயின், நம் சமுதாயத்திற்கு மிக அணுக்கமான ஒரு வினாவே அதன் வேராக இருப்பதைக் காண்போம். உழைப்பவன் கையில் உள்ளது அறிவா, அன்றா? அறிவெனில், அது யாருக்கு உரியது?

ஏரியும் நீர்க்கட்டியும்

தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பலர் கூடி இயங்கும் அமைப்புகள் நம் நாட்டில் இருந்தன. ஏரிப் பாசனம் அவற்றுள் ஒன்று. ஏரியில் நீர் எவ்வளவு நிற்கிறது, எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு நீர் சென்றுசேர எத்தனை நாழிகை ஆகும், நீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பன போன்ற யாவும் நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி எனப்பட்டவரின் பொறுப்பு. தமிழகத்தின் பல ஊர்களில் இப்பணி தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களிடமே இருந்து வந்துள்ளது. கரையின் எவ்விடத்தில் கசிவு தோன்றும் என்பதைக் கால்பட்டறிந்தவர் அவர். அதற்குக் கூலியாகக் களத்தில் நெல் அளந்து கொடுத்தனர். ஆயினும், அவர் பாய்ச்சிய நிலத்தில் பெரும்பகுதி பிறருடையது. ஊர் கூடி முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு இருக்கையும் இல்லை.

ஓர் அமைப்பு முழுவதும் ஒருவரின் அறிவைச் சார்ந்து நிற்கவும், அவ்வறிவுடையவர் அறிவற்றவராகக் கருதப்படவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இந்நிலை வேளாண்மையோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்த நாடுகளில், ஆலைப் புகையின் நடுவே, வேறொரு வடிவில் அது தோன்றியது.

டெய்லரின் கடிகாரம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1856-ஆம் ஆண்டு செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர். கல்லூரி செல்லும் வாய்ப்பு இருந்தும் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த அவர், 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் நுழைந்து, சில ஆண்டுகளிலேயே அதன் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். பட்டறையில் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. கடைசல் இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளர்க்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி மேற்பார்வையாளர்க்குத் தெரியாது. எவ்வளவு விரைவாக வேலை செய்ய முடியும் என்பதைத் தொழிலாளர் வெளியிடாமல் மறைத்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. மிகுதியாகச் செய்து காட்டினால், உருப்படிக்குரிய கூலியை முதலாளி குறைத்துவிடுவார். இதனை டெய்லரே ஒப்புக்கொண்டுள்ளார்.

அவர் கண்ட தீர்வு யாதெனில், தொழிலாளரிடம் வழிவழியாகச் சேர்ந்திருந்த அறிவு முழுவதையும் நிருவாகம் திரட்டிக்கொள்ள வேண்டும். அதனை அட்டவணையாக்கி, விதியாக்கி, திட்ட அலுவலகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அங்கிருந்து ஆணைச்சீட்டாக ஒவ்வொரு தொழிலாளிக்கும் அனுப்ப வேண்டும் என்பதாகும். சிந்தனைக்குரிய வேலை யாவும் பட்டறையை விட்டு நீங்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். உலோகத்தைக் கடைவதில் அடங்கிய 12 கூறுகளை ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஆராய்ந்து, கைத்திறன் மிக்கோர் கண்ணாலும் காதாலும் கணித்து வந்ததை ஒரு கணக்கிடும் சட்டத்தில் அடக்கிக் காட்டினார். அது மெய்யான அறிவியற் சாதனையே. அதனை நாம் மறுக்க வேண்டுவதில்லை. உற்பத்தி பெருகியதும் உண்மையே.

ஆனால், அம்முறையில் உழைப்பாளியின் நிலை யாது? 1911-இல் வெளியான 'அறிவியல் முறை மேலாண்மையின் கோட்பாடுகள்' என்னும் தம் நூலில், பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புக் கட்டி சுமந்த ஒருவரின் கதையை டெய்லர் எழுதினார். கட்டி ஒன்றின் எடை 92 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 42 கிலோ. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவர், கடிகாரத்தோடு நின்றவரின் ஆணைப்படி நடந்தும் ஓய்ந்தும் நாற்பத்தேழரை டன் சுமந்தார் என்கிறது அந்நூல். சுமை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலியோ 1 டாலர் 15 செண்டிலிருந்து 1 டாலர் 85 செண்டாயிற்று. அக்கதையில் டெய்லர் பலவற்றை மிகைப்படுத்தியுள்ளார் எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். கணக்கு எவ்வாறாயினும் ஆகுக. அத்தொழிலுக்கு ஏற்றவன் எருதின் மனப்பாங்கை ஒத்தவனே என்றும், தன் வேலையின் அறிவியலை அவனால் விளங்கிக்கொள்ள இயலாது என்றும் டெய்லர் எழுதியதே நம் கருத்துக்குரியது.

அதே நூலில், அதே மனிதரைப் பற்றி, மற்றொரு செய்தியும் உள்ளது. அவர் சிறு மனை ஒன்றை வாங்கியிருந்தார். காலையில் வேலைக்கு வருமுன்னும் மாலையில் வேலை முடிந்த பின்னும் தம் வீட்டுச் சுவரைத் தாமே எழுப்பி வந்தார். நூல்பிடித்துச் சுவரெழுப்பத் தெரிந்த ஒருவரை எருதென்று எழுதிய பேனா, அவ்விரண்டு செய்திகளுக்கும் இடையே உள்ள முரணைக் காணவில்லை!

இந்தக் குருட்டுத்தன்மையை நாம் நன்கறிவோம். எண்ணுவோர் ஒரு சாரார், ஏவியதைச் செய்வோர் மறு சாரார் என்னும் பாகுபாடு நம் நாட்டில் பிறப்பின் பெயரால் நிலைநிறுத்தப்பட்டது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்யும் மனிதரையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் உரையில் விளக்கினார். டெய்லரின் ஆலையில் பிரிவினைக்கு அடிப்படை பிறப்பன்று; தொழிலாளி ஆலையை விட்டு வெளியேறவும் முடியும். ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், கையால் செய்பவனுக்குக் கருத்தில்லை என்னும் நம்பிக்கை இரண்டிற்கும் பொதுவானது.

தொழிலாளர் இதனை வாளாவிருந்து ஏற்கவில்லை. 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில், கடிகாரத்தின் முன் வேலை செய்ய மறுத்த வார்ப்படத் தொழிலாளி ஒருவர் வேலையினின்று நீக்கப்பட்டார். உடன் பணியாற்றிய வார்ப்படத் தொழிலாளர் வெளிநடப்புச் செய்தனர். அமெரிக்கக் காங்கிரசு குழு அமைத்து விசாரித்தது. 1912-இல் டெய்லரே அதன்முன் சாட்சியம் அளித்தார். 1915-இல், படைக்கலத் தொழிற்சாலைகளில் நிறுத்துக் கடிகாரம் கொண்டு தொழிலாளரை அளப்பதற்கு அரசுப் பணம் செலவிடலாகாது என்று காங்கிரசு தடை விதித்தது. அவ்வாண்டே டெய்லரும் காலமானார்.

சொல்லில் அடங்காத அறிவு

டெய்லர் முறையில் வேறொரு குறையும் இருந்தது. நீதியைப் பற்றிய குறை அன்று அது; அறிவின் இயல்பைப் பற்றியது. மனிதனுக்குத் தெரிந்தவை யாவும் எழுத்தில் அடங்கிவிடுமா?

இவ்வினாவை ஆழமாக எழுப்பியவர் மைக்கேல் போலானி. 1891-இல் புடாபெஸ்டில் பிறந்த வேதியியல் அறிஞராகிய இவர், யூதர் வழிவந்தவர். 1933-இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் பழகியவர் ஆதலின், அறிவியலறிஞனும் ஏட்டு விதியால் மட்டும் இயங்குவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1958-லும் 1966-லும் வெளியான தம் நூல்களில், நாம் சொல்ல வல்லவற்றினும் நமக்குத் தெரிந்தவை மிகுதி என்னும் கருத்தை நிலைநாட்டினார். மிதிவண்டி ஓட்டுபவனைக் கேட்டால், விழாமல் நிற்பது எவ்வாறு என்று அவனால் விளக்க இயலாது. அவ்விதியைக் கணிதமாக எழுதிக் கொடுத்தாலும், அதனைப் படித்த ஒருவன் வண்டி ஓட்டிவிட முடியாது. நெல் காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்க்கும் நம் தாய்மாரும் இத்தகைய அறிவுடையோரே. கடிக்கும்போது எழும் ஓசையை அவர்கள் அறிவர். அதனை எழுத்தில் வடிப்பது எங்ஙனம்?

இவ்வகை அறிவைப் 'புதை அறிவு' என நாம் அழைக்கலாம். இது ஏட்டறிவுக்குக் கீழ்ப்பட்டதன்று. ஏட்டில் உள்ள எந்த விதியையும் இவ்விடத்தில் இவ்வாறு பொருத்த வேண்டும் என்று தீர்மானிப்பதும் இப்புதை அறிவே. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்ல வேண்டுமாயின், கற்பவர் கற்பிப்பவரின் அருகிலிருந்து, அவர்மீது நம்பிக்கை வைத்து, செய்துசெய்து பழக வேண்டும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று ஜப்பானில் நிகழ்ந்தது. 1985-இல் மட்சுஷிடா மின்பொருள் நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் கருவி ஒன்றை உருவாக்க முயன்றது. கருவி பிசைந்த மாவு சரியாக வேகவில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தும் காரணம் புலப்படவில்லை. அப்போது அந்நிறுவனத்தின் மென்பொருள் துறைப் பெண் ஒருவர், ஒசாகா நகரில் சிறந்த ரொட்டிக்குப் பெயர்பெற்ற தங்கும் விடுதி ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் சென்று தொழில் பழகினார். அவர் மாவை இழுப்பதோடு நில்லாமல் ஒருவகையாக முறுக்கவும் செய்வதை அவர் பக்கத்தில் நின்றே கண்டறிந்தார். அதன்பின் பொறியாளரோடு சேர்ந்து கருவியின் உள்ளமைப்பை மாற்றி வெற்றி கண்டனர். இந்நிகழ்ச்சியை உலகறியச் செய்தவர் இக்குஜிரோ நோனாகா. அவர் 1991-இல் எழுதிய கட்டுரையும், தக்கேயுச்சியுடன் இணைந்து 1995-இல் வெளியிட்ட நூலுமே அறிவு மேலாண்மைத் துறைக்கு அடித்தளமாயின.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்போரிடையே ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர் பழகி ஆராய்ந்தார். நிறுவனம் தந்த கையேடு பல பழுதுகளுக்கு வழிகாட்டவில்லை. தொழிலாளரோ உணவு வேளையில் கூடியமர்ந்து, தாம் கண்ட விசித்திரப் பழுதுகளைக் கதையாகச் சொல்லிக்கொண்டனர். அக்கதைகளே அவர்தம் உண்மையான கையேடாக இருந்தன. மேலாளரின் கண்ணுக்கு வீண்பேச்சாகத் தோன்றியிருக்கக்கூடிய ஒன்றில்தான் நிறுவனத்தின் அறிவு வாழ்ந்தது. பின்னர் 1990-களில் அந்நிறுவனம் இத்தகைய குறிப்புகளைக் கணினியில் திரட்டியபோது, சக தொழிலாளர் சரிபார்த்த குறிப்புகளையே ஏற்றது. குறிப்பைத் தந்தவர் பெயரையும் அதனோடு சேர்த்தே வெளியிட்டது. பெயர் நின்றமையால் மதிப்பு நின்றது; மதிப்பு நின்றமையால் மேலும் பலர் எழுத முன்வந்தனர்.

கடிகாரம் கை மாறியது

டெய்லரின் கடிகாரத்திற்கு மீண்டும் வருவோம். கலிபோர்னியாவின் பிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலை ஒன்று இருந்தது. நாள்தோறும் ஐவரில் ஒருவர் வேலைக்கு வாராத நிலையும், ஓயாத பூசலும் நிலவிய அவ்வாலை 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதனைத் திறந்தன. 'நம்மி' என்பது அதன் சுருக்கப் பெயர். தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே.

டொயோட்டா 1951 முதலே தொழிலாளரின் யோசனைகளைக் கேட்டுப் பயன்படுத்தி வந்த நிறுவனம். புதிய ஆலையிலும் வேலைகள் நொடிக்கணக்கில் அளக்கப்பட்டன; ஆனால் கடிகாரத்தைப் பிடித்தவர்கள் தொழிலாளரே. குழுவினர் ஒருவரை ஒருவர் அளந்து, எளிய வழியைத் தாமே ஆராய்ந்து, செயல்முறையைத் தாமே எழுதினர். பழுது கண்டவர் கயிற்றை இழுத்து ஆலையின் ஓட்டத்தையே நிறுத்தலாம். 1988-ஐ ஒட்டி விற்பனை குன்றியபோது, வேலைநீக்கம் செய்வதில்லை என்னும் வாக்கைக் காத்து, தொழிலாளரைப் பயிற்சிக்கு அனுப்பினர். பால் ஆட்லர் என்னும் ஆய்வாளர் 1993-இல் எழுதியபடி, வேலைக்கு வாராதோர் விகிதம் நூற்றுக்கு 3 அல்லது 4 ஆகக் குறைந்தது. மனிதர் மாறவில்லை, அவரை நடத்திய முறை மாறியது.

இதனைக் கொண்டு அவ்வாலையைப் பொன்னுலகம் என்று கூறிவிடலாகாது. மிகுந்த இறுக்கத்தோடு வேலை வாங்கும் முறை இதுவென்று கண்டித்த தொழிற்சங்க எழுத்தாளரும் உண்டு. அன்றியும், 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலக, 2010 ஏப்ரலில் ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை இழந்தனர். வேலையை எங்ஙனம் செய்வது என்பதில் அவர்தம் அறிவு மதிக்கப்பட்டது. ஆலை இருப்பதா மூடுவதா என்னும் முடிவில் அவர்க்கு இடமில்லை. அறிவை மதிப்பது ஒரு படி. அறிவுடையோரை உரியவராக்குவது அடுத்த படி. இரண்டாம் படியில் உலகின் பெருநிறுவனங்கள் பெரும்பாலும் இன்னும் கால் வைக்கவில்லை.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நம் சங்கம் இலாபம் கருதும் நிறுவனம் அன்று. இதற்கு முதலாளியும் இல்லை, உறுப்பினரே உரியவர். ஆதலின் அவர்கள் செய்யாது விட்ட இரண்டாம் படியை நாம் தொடக்கத்திலேயே ஏறி நிற்கிறோம். ஆனால் முதற்படியில் நாம் தவறியிருக்கிறோம். நம்மவர் கையில் இருந்த அறிவை நாமே அறிவென்று காணவில்லை. பிறர் நம்மைப் பார்த்த கண்ணால் நாமும் நம்மைப் பார்த்தோம். இதனை ஒப்புக்கொள்வதில் நமக்கு நாணமில்லை. திருத்திக்கொள்ளாமல் விடுவதே நாணத்தக்கது.

எழுதத்தக்கவற்றை எழுத வேண்டும். எழுதியதில் சொன்னவர் பெயர் நிற்க வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் எந்த அலுவலகத்தில், எந்த மாதத்தில், எந்தச் சான்றிதழ் குறைவால் திருப்பப்படுகிறது என்பதை நம் செயலாளர்கள் அறிவர். அது ஒரு குறிப்பேட்டில் ஏற வேண்டும். எழுத்தில் அடங்காதவற்றைப் பழக்கத்தால் கைமாற்ற வேண்டும். பொறுப்பை விட்டு நீங்குவோர், நீங்குவதற்கு ஓராண்டு முன்பே இளைஞர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பேடு எவர் பெட்டியிலும் பூட்டிக் கிடக்கலாகாது. அறிவைத் தம்மிடமே வைத்துக்கொள்பவர் சங்கத்தைத் தம் நிழலாக்கிவிடுவார். ஏட்டை எட்டாத இடத்தில் வைத்ததனால் நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்த நாம், நமக்குள்ளும் அத்தகைய பூட்டு ஒன்றைச் செய்துகொள்ளலாமா?

விடுதிப் பெரியவரின் செய்தியைக் கூறி முடிப்போம். மறு ஆண்டு அறுவடைக்கு முன் அவரை வேண்டி அழைத்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம் என்று இளைஞர் ஒருவரை அனுப்பினோம். இரண்டு பக்கத்திற்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை. "சொன்னால் வராது தம்பி, கூட வா" என்று கூறி, அவ்விளைஞரை ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். முதல் வீட்டில் அவர் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மாட்டைப் பற்றிக் கேட்டார். மழையைப் பற்றிப் பேசினார். கொடுத்த நீரை வாங்கி அருந்தினார். எழுந்து வரும்போது திண்ணையோரம் நின்று, "திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் பிள்ளையை அனுப்பி வை அம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை வந்தது. அதற்கு முந்திய ஆண்டு நின்றுபோன இருவருள் ஒருவர் திரும்பி வந்து சேர்ந்தார், மற்றவர் வரவில்லை.

அந்த ஒருவர் நாம் கொடுத்த விலை. இளைஞர்களே, அடுத்த 25 ஆண்டுகளின் கணக்கை எழுதப்போகிறவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சென்று அமருங்கள். அவர்கள் கை அறிந்ததை உங்கள் கையும் அறியட்டும். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதிய பின்னரே, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள்.